நோட்டரி நியமனம்: அனுபவ ஆண்டுகளும் பதிவேட்டுப் பக்கங்களும்

கேள்வி: நான் ஒரு தாலுகா நீதிமன்றத்தில் எட்டு ஆண்டுகளாகச் சிவில் வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர். பெண்களுக்கு ஏழாண்டுத் தொழில் அனுபவம் போதும் என்பதால் நோட்டரி பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். எங்கள் வழக்கறிஞர் சங்கத்தில் இதைப் பற்றி இரு கட்சியாகப் பேசுகிறார்கள். ஒருமுறை நோட்டரியானவர் ஆயுள் முழுவதும் நோட்டரியாகவே இருப்பதால் இளையவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை, எனவே மொத்தம் 15 ஆண்டுகள் என்று வரம்பு வைக்கும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்த வரைவே சரி என்கிறார்கள் சிலர். எழுத்துத் தேர்வு வைக்காமல் எவரையும் நியமிக்கக் கூடாது என்கிறார்கள் வேறு சிலர். என் சீனியரோ, "அதில் என்னம்மா இருக்கிறது, முத்திரை குத்தும் வேலைதானே" என்று சிரிக்கிறார். நியமன முறையில் எதைத்தான் மாற்ற வேண்டும்? இந்த நிலையில் நான் விண்ணப்பிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குள் போகும் முன் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுவது முறை. நான் 19 ஆண்டுகளாக நோட்டரியாக இருந்து வருகிறேன். 15 ஆண்டு வரம்பு சட்டமாகிவிட்டால் என்னைப் போன்றவர்களின் முத்திரைகள்தான் முதலில் மேசையை விட்டு இறங்கும். ஆகவே அந்த வரம்பைப் பற்றி நான் எழுதுவதை, வழக்கின் முடிவில் ஆதாயம் உள்ள சாட்சியின் வாக்குமூலத்தை நீதிமன்றம் எத்தனை எச்சரிக்கையோடு எடைபோடுமோ அத்தனை எச்சரிக்கையோடு நீங்களும் எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பியுங்கள். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. நியமன முறையில் மாற்றம் வேண்டும் என்பதிலும் தயக்கம் இல்லை. ஆனால் உங்கள் சங்கத்தின் இரு கட்சியினரும் முத்திரை யார் கைக்குப் போக வேண்டும், எத்தனை ஆண்டு அங்கே இருக்க வேண்டும் என்பதையே பேசுகிறார்கள். அந்த முத்திரை எப்படிப் பயன்பட்டது என்பதை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது யாரேனும் திறந்து பார்க்கிறார்களா என்பதே என் கேள்வி. அதற்கு வழி செய்யாத எந்த நியமனச் சீர்திருத்தமும் பாதிக் கிணறு தாண்டியதாகவே இருக்கும்.

உங்கள் சீனியரின் சிரிப்புக்கு ஒரு நிகழ்ச்சியைப் பதிலாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவை அவருடைய மூத்த மகன் என் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். இறந்துபோன கணவரின் வங்கி வைப்புத்தொகையை மூத்த மகனுக்கே வழங்கத் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று அந்த அம்மா உறுதி கூறுவதாக, ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு பக்கப் பிரமாணப் பத்திரம் அவர் கையில் இருந்தது. ஆதார் அட்டை சரியாக இருந்தது, பெயரும் முகவரியும் பொருந்தின, பெருவிரலில் மை தடவுவதற்கு மகன் ஸ்டாம்ப் பேடைக்கூடத் திறந்து வைத்துவிட்டார். காகிதத்தை மட்டும் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அடையாள அட்டையின் இருபக்க நகல் வேண்டும் என்று சொல்லி மகனை எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "விதவை பென்ஷனுக்குக் கைநாட்டு வைக்கணும்னு கூட்டியாந்தான்" என்றார். பத்திரத்தில் இருப்பதைத் தமிழில் வரி வரியாகப் படித்துக் காட்டியதும் அவர் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப சின்னவனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்பதுதான்.

நான் கையெழுத்திடவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஏனெனில் அந்தத் தாள் அன்று மாலையே வேறொரு நோட்டரியின் முத்திரையோடு வங்கிக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பின்னால் அறிந்தேன். அந்த நோட்டரிக்கும் எனக்கும் தகுதியில் எந்த வேறுபாடும் கிடையாது. இருவரும் ஒரே சட்டத்தின் கீழ், ஒரே விதிகளின்படி, ஒரே விதமான சான்றிதழைப் பெற்றவர்கள். சொல்லப்போனால் வழக்கறிஞர் தொழிலில் அவர் எனக்கு மூத்தவர். முத்திரை குத்துவது வேலையின் கடைசி மூன்று விநாடிதான். அதற்கு முன்னால் உள்ள பத்து நிமிடத்துக்குத்தான் சட்டம் நம்மை நியமிக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்கும் மனமும் பழக்கமும் ஒருவருக்கு இருக்கிறதா என்பதை இன்றைய நியமன முறை எந்தக் கட்டத்தில் சோதிக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதைப் பார்ப்போம். 1952-ஆம் ஆண்டு நோட்டரிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, மத்திய அரசு நாடு முழுமைக்கோ அதன் ஒரு பகுதிக்கோ, மாநில அரசு தன் எல்லைக்குள்ளோ, விதிகளில் வகுத்துள்ள தகுதி உடையவர்களை நோட்டரிகளாக நியமிக்கலாம் என்கிறது. அந்தத் தகுதியை 1956-ஆம் ஆண்டு விதிகளின் 3-ஆம் விதி சொல்கிறது. பொதுவாகப் பத்தாண்டு வழக்கறிஞர் தொழில். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள் ஆகியோருக்கு ஏழாண்டு. நீதித்துறை அலுவலர்களுக்கும் இந்திய சட்டப் பணியினருக்கும் தனி வழி உண்டு. இங்கிலாந்தில் மாஸ்டர் ஆஃப் ஃபேகல்ட்டீஸ் என்னும் அதிகாரியிடம் நியமனம் பெற்று, இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது நோட்டரியாக இருந்தவரும் தகுதியுடையவர் என்ற வாசகம் அதே விதியில் முதலாவதாக நிற்கிறது. கேன்டர்பரி பேராயரின் கீழ் இயங்கும் அலுவலகம் நம் ஊர்த் துறைமுகங்களுக்கும் நோட்டரிகளை நியமித்த காலத்தின் எச்சம் அது.

இன்னொரு எச்சத்தையும் இங்கே சொல்ல ஆசை. செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு என்றால் இன்று நீதிமன்ற வாசலில் நிற்கும் கட்சிக்காரருக்குக்கூடச் செக் பவுன்ஸ் வழக்கு என்று தெரியும். 1988-இல் அந்தப் பொருள் வந்து சேர்வதற்கு முன், 1885 முதல் அதே 138-ஆம் பிரிவு நோட்டரிகளை நியமிக்கும் அதிகாரத்தைப் பற்றிப் பேசியது. நோட்டரிகளுக்கெனத் தனிச் சட்டம் வந்ததும் அது நீக்கப்பட்டு, அந்த எண் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் நாட்டில் நோட்டரி என்ற பதவி வணிகர்களின் உண்டியலையும் (பணம் கொடுக்கச் சொல்லி வணிகர் எழுதும் சீட்டு) மாற்றுச்சீட்டையும் கப்பல் சரக்கையும் ஒட்டிப் பிறந்தது. நோட்டரிகள் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் உள்ள பணிப்பட்டியலைப் படித்தால் கப்பல் புரோட்டஸ்ட், படகு புரோட்டஸ்ட் (பயணத்தில் நேர்ந்த சேதத்தைப் பற்றிக் கப்பல் தலைவரோ படகோட்டியோ தரும் வாக்குமூலம்) எல்லாம் இன்றும் இருக்கும். என் 19 ஆண்டுகளில் ஒரு படகு புரோட்டஸ்டும் என் மேசைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் பெயர் மாற்றப் பிரமாணப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், வெளிநாடு செல்பவரின் சான்றிதழ் நகல்கள்.

ஆனால் நியமனத்துக்கான அளவுகோல் இன்னும் அந்தத் துறைமுக மனநிலையிலேயே நிற்கிறது. விண்ணப்ப மனுவில் ஒரு மாஜிஸ்திரேட், தேசியமயமாக்கப்பட்ட வங்கியின் மேலாளர் ஒருவர், ஒரு வணிகர், அப்பகுதியின் முக்கியப் பிரமுகர்கள் இருவர் மேலொப்பமிட வேண்டும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி 7-ஆம் விதிப்படி, விண்ணப்பதாரர் அந்தப் பகுதியில் வசிக்கிறாரா, அந்த ஊரின் வணிக முக்கியத்துவத்தையும் ஏற்கெனவே உள்ள நோட்டரிகளின் எண்ணிக்கையையும் பார்த்தால் கூடுதலாக ஒருவர் தேவையா, வணிகச் சட்டத்தில் அவருக்கு அறிவும் அனுபவமும் உண்டா என்பவற்றைக் கருத வேண்டும். வணிகரின் கையெழுத்தைக் கேட்கும் விதி, ஓர் ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த காலத்தில் பொருளுடையதாக இருந்திருக்கும். இன்று அந்த ஐந்து கையெழுத்துகளும் ஒரு வார அலைச்சலைத் தவிர வேறு எதையும் நிரூபிப்பதில்லை என்பது விண்ணப்பித்த எல்லோருக்கும் தெரியும்.

பிற்காலத்தில் நேர்காணல் குழு ஒன்று விதிகளில் சேர்க்கப்பட்டது. நல்ல நோக்கம்தான். ஆயினும் வரிசையில் காத்திருக்கும் எத்தனையோ பேரில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடமே ஒதுக்க முடிகிற ஒரு குழு, 8-ஆம் பிரிவின் உட்பிரிவுகளை ஒப்பிக்கச் சொல்வதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? பத்தாண்டு குற்றவியல் வழக்குகளை நடத்தியவர் குறுக்கு விசாரணையில் சிங்கமாக இருக்கலாம். ஆனால் ஒரு வாக்குமூலதாரர் தாமாக விரும்பித்தான் கையெழுத்திடுகிறாரா என்பதைக் கண்டறிவதையும், அசல் ஆவணத்தில் திருத்தம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதையும், இன்னொரு நாட்டில் பயன்படப் போகும் ஆவணத்துக்கு அந்நாடு எந்த வாசகத்தை எதிர்பார்க்கிறது என்பதையும் அந்தப் பத்தாண்டு தானாகக் கற்றுத்தந்துவிடாது. அனுபவ ஆண்டுகள் ஒருவருடைய வயதுக்குச் சாட்சி. இந்த வேலைக்கான பயிற்சிக்கு அவை சாட்சியாக மாட்டா.

அதனால் தேர்வு வேண்டும் என்று சொல்லும் உங்கள் சங்கத்து நண்பர்களுடன் நான் பாதி உடன்படுகிறேன். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்து எழுதும் தேர்வாக அது அமைந்தால் வீண். பயிற்சி மையங்களுக்குத்தான் வருமானம். நான்கு ஆவணங்களைக் கையில் கொடுத்து, எதற்குச் சான்றளிப்பீர்கள், எதை மறுப்பீர்கள், ஏன் என்று எழுதச் சொல்லும் தேர்வாக அது இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் மணவிலக்கு ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டு வந்து முத்திரை கேட்கும் இடம் அதில் ஒரு கேள்வியாக இருக்கட்டும். திருமணத்தையும் மணவிலக்கையும் ஆவணமாக எழுதிச் சான்றளிக்க நோட்டரிக்கு அதிகாரம் இல்லை என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியும் நிற்காமல், 2024 அக்டோபரில் மத்திய சட்ட விவகாரத் துறை அதை எழுத்தில் நினைவூட்ட வேண்டியிருந்தது. தம் அதிகாரத்தின் எல்லை எது என்பதே தெரியாமல் சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை பேர் இருந்தால் ஒரு துறை இப்படி எழுத நேரும் என்று எண்ணிப் பாருங்கள். தேர்வோடு, ஒரு மூத்த நோட்டரியின் மேசைக்குப் பக்கத்தில் சில மாதங்களாவது உட்கார்ந்திருக்கும் கட்டாயப் பயிற்சியும் சேர வேண்டும். இங்கிலாந்தில் தனியாக முதுநிலைப் படிப்பை முடித்துத் தகுதி பெற்ற நோட்டரிகூட முதல் இரண்டாண்டு ஒரு மூத்த நோட்டரியின் மேற்பார்வையில்தான் பணியாற்ற வேண்டும். நாம் இரண்டு மாதமாவது கேட்கலாம்.

இனி 15 ஆண்டு வரம்பு. பணிச் சான்றிதழின் காலம் முதலில் மூன்றாண்டாக இருந்தது. 1999-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை ஐந்தாண்டாக்கியது. ஐந்தைந்தாண்டாக எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்பதே நடப்புச் சட்டம். 2021-இல் மத்திய சட்ட விவகாரத் துறை கருத்துக் கேட்புக்காக வெளியிட்ட வரைவு, முதல் ஐந்தாண்டுக்குப் பின் இரண்டே முறைதான் புதுப்பிக்கலாம் என்று முன்மொழிந்தது. இளம் வழக்கறிஞர்களுக்கு வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பது அதற்குச் சொன்ன காரணம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை நோட்டரிகள் என்று விதிகளின் அட்டவணை உச்சவரம்பு வைத்திருப்பதால், இருப்பவர் எழுந்தால்தான் வருபவர் உட்கார முடியும் என்பது மெய்தான். உங்களைப் போன்றவர்களின் ஆதங்கத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த வரம்பு நல்ல நோட்டரியையும் மோசமான நோட்டரியையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்புகிறது. அதோடு, மோசமானவருக்குப் பதினைந்து ஆண்டு முழுதாகக் கொடுத்துவிட்டு அனுப்புகிறது. நான் மேலே சொன்ன வாரிசுப் பத்திரத்துக்கு முத்திரை வைத்தவர் அப்போது தமது இரண்டாவது சான்றிதழ்க் காலத்தில்தான் இருந்தார். வரைவுப்படி பார்த்தால் அவருக்கு இன்னும் ஒரு புதுப்பித்தல் பாக்கி. இளையவர்களுக்கு இடம் வேண்டுமென்றால் அட்டவணையின் எண்ணிக்கையை மக்கள்தொகைக்கும் ஆவணப் பெருக்கத்துக்கும் ஏற்ப உயர்த்துவது நேர்வழி. நான் ஆதாயமுள்ள சாட்சி என்பதை இந்த இடத்தில் மறந்துவிடாதீர்கள். இருந்தாலும் வாதத்தைப் பரிசீலியுங்கள்.

அதே வரைவில் இருந்த இன்னொரு முன்மொழிவைப் பற்றி உங்கள் சங்கத்தில் எவரும் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. முறைகேடு பற்றிய விசாரணை நடக்கும்போதே நோட்டரியின் சான்றிதழை இடைநிறுத்தும் அதிகாரம் அரசுக்கு வேண்டும் என்பது அது. இன்றைய 10-ஆம் பிரிவின்படி, தொழில் முறைகேடு விசாரணையில் நிரூபணமான பிறகே பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க முடியும். விசாரணை எத்தனை மாதம் இழுத்தாலும் அத்தனை மாதமும் அவருடைய முத்திரை மேசைமீது இருக்கும். போதாக்குறைக்கு, நோட்டரி தம் பணியின் பேரில் செய்த குற்றத்தை, அரசு அதிகாரம் அளித்த அலுவலர் எழுத்து மூலம் புகார் செய்தாலொழிய எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று 13-ஆம் பிரிவு காப்பு வழங்குகிறது. அரசு ஊழியருக்கு உள்ளதைப் போன்ற கவசம் இது. ஆனால் அரசு ஊழியர்மீது உள்ள மேற்பார்வை நம்மீது இல்லை. கவசத்தை வைத்துக்கொள்ள விரும்பினால் மேற்பார்வையையும் ஏற்பதே நியாயம். எனவே இடைநிறுத்த அதிகாரத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். நான் எழுத நினைத்ததில் முக்கால் பங்கும் இதைப் பற்றித்தான். 11-ஆம் விதி ஒவ்வொரு நோட்டரியும் படிவம் 15-இல் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. என்ன ஆவணம், யாருடையது, முழு முகவரி, உள்ளடக்கச் சுருக்கம், வாங்கிய கட்டணம், வந்தவரின் கையெழுத்து ஆகியவற்றுக்கு அதில் பத்திகள் உண்டு. பதிவேட்டைப் பயன்படுத்தத் தொடங்கும் முன் அதில் எத்தனை பக்கங்கள் உள்ளன என்று முதல் பக்கத்தில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். பின்னாளில் தாளைச் செருகவோ கிழிக்கவோ கூடாதல்லவா, அதற்காக. மாவட்ட நீதிபதியோ அரசு நியமிக்கும் அலுவலரோ ஆண்டுக்கு இரண்டு முறைக்கு மிகாமல் இந்தப் பதிவேட்டை ஆய்வு செய்யலாம். தவறு கண்டால் நடவடிக்கைக்காக அரசுக்கு அறிக்கை அனுப்பலாம். இது போக, கடந்த ஆண்டில் செய்த பணிகளின் கணக்கை ஒவ்வொரு ஜனவரி முதல் வாரத்திலும் நாம் அரசுக்கு அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் ஏற்கெனவே விதிகளில் இருக்கின்றன. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆனால் என் பதிவேட்டை 19 ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் ஓர் அலுவலர் திறந்து பார்த்திருக்கிறார். அவரும் பத்து நிமிடத்தில் மூடிவிட்டார். என் சான்றிதழ் மூன்று முறை புதுப்பிக்கப்பட்டது. மூன்று முறையும் கட்டணமும் விண்ணப்பமும் கேட்டார்களே தவிர, பதிவேட்டைக் கொண்டுவா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நோட்டரி ஐந்தாண்டில் எப்படிப் பணியாற்றினார் என்பதற்கு அவருடைய பதிவேட்டை விட நேர்மையான சாட்சி கிடையாது. ஒரே நாளில் முந்நூறு பதிவுகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் செலவழித்திருப்பார் என்று வகுத்துப் பார்க்கத் தனித்திறமை எதுவும் வேண்டாம். கையெழுத்துப் பத்தி காலியாக இருந்தால் வந்தவர் வரவே இல்லை என்று பொருள். வரிசை எண்களுக்கு இடையில் 'அ', 'ஆ' என்று செருகப்பட்ட பதிவுகள் இருந்தால், அவை முன்தேதியிட்ட ஆவணங்கள் என்று ஐயுறலாம். நான் ஜூனியராக இருந்த நாளில், எழுதப்படாத வெற்றுத் தாள்களின் அடியில் முன்கூட்டியே முத்திரை குத்தி, மேசை இழுப்பறையில் கத்தையாக அடுக்கி வைத்திருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவருடைய பதிவேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தாலே அடுத்த புதுப்பித்தல் அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே 15 ஆண்டு என்ற கத்திக்குப் பதிலாக, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் பதிவேட்டு ஆய்வை முன்நிபந்தனையாக்குங்கள் என்பதே சட்டத்துறைக்கு நான் சொல்ல விரும்புவது. ஐந்தாண்டுப் பதிவேடுகளிலிருந்து ஏதேனும் ஐம்பது பதிவுகளை எடுத்து, அவற்றில் பத்துப் பேரையாவது தொலைபேசியில் அழைத்து, நீங்கள் நேரில் வந்தீர்களா என்று கேட்டால் போதும். தேறாதவரின் இடம் காலியாகும். உங்களுக்கு வாய்ப்பும் வரும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்பதை ஒப்பிடும்போது ஒரு விஷயம் என் கண்ணில் படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நோட்டரியாகச் சட்டப் படிப்பே தேவையில்லை. ஆறு மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, 15,000 டாலர் பிணைப்பத்திரம், நான்கு ஆண்டுக் காலம், அவ்வளவுதான். ஆனால் சொத்து ஆவணத்துக்கோ பவர் பத்திரத்துக்கோ சான்றளித்தால் வந்தவரின் பெருவிரல் ரேகையைத் தம் பதிவேட்டில் அவர் வாங்கியே ஆக வேண்டும். தகுதியில் நம்மை விட எவ்வளவோ தளர்வு, பதிவேட்டில் நம்மை விடக் கண்டிப்பு. நமக்கு அருகிலுள்ள இலங்கையில் நொத்தாரிசு (நோட்டரி) என்பவர் காணி உறுதிகளையே, அதாவது நிலப் பத்திரங்களையே, எழுதிச் சான்றளிப்பவர். இரு சாட்சிகளோடு அவர் அத்தாட்சிப்படுத்தாத காணி விற்பனை சட்டத்தின் முன் செல்லாது. 1907-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, தாம் அத்தாட்சிப்படுத்திய உறுதிகளின் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அவர் அனுப்பியாக வேண்டும். பதவியின் கனம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. கணக்கு ஒப்படைக்கும் கடமை எங்கும் தளர்வதில்லை.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதிகள் நிர்ணயித்த கட்டணம் ஒரு பத்திரத்துக்குப் பத்து நிமிடம் செலவழிப்பவருக்குக் கட்டுப்படியாகாது. குறைந்த கட்டணத்தில் வருமானம் பார்க்க வேண்டுமானால் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டினால் பத்து நிமிடம் மூன்று விநாடியாகிவிடும். பலர் விதியை மீறிக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதும் எல்லோரும் அறிந்ததே. தகுதியை உயர்த்தி, தேர்வு வைத்து, ஆய்வும் நடத்திவிட்டுக் கட்டணத்தை மட்டும் பழைய நிலையில் விட்டுவிட்டால், நேர்மையானவர் யாரும் இந்தப் பணிக்கு வரமாட்டார்.

இனி உங்களுக்கான யோசனை. வரைவு எப்போது சட்டமாகும், எந்த உருவில் ஆகும் என்று காத்திருக்க வேண்டாம். விண்ணப்பம் நடப்பிலுள்ள விதிகளின்படியே பரிசீலிக்கப்படும். பார் கவுன்சில் பதிவுச் சான்றிதழ், எட்டாண்டுத் தொழில் அனுபவத்துக்கான சான்று, வசிப்பிட ஆதாரம் ஆகியவற்றோடு, நீங்கள் நடத்திய வழக்குகளில் வணிகச் சட்டம் தொடர்பானவற்றைத் தனியாக ஒரு பட்டியலிட்டு இணையுங்கள். 7-ஆம் விதி கேட்பது அதைத்தான், ஆனால் விண்ணப்பதாரர் பலரும் கொடுக்காமல் விடுவதும் அதைத்தான். உங்கள் தாலுகாவில் எத்தனை நோட்டரிகள் இருக்கிறார்கள் என்பதை, ஆண்டுதோறும் ஜனவரியில் அரசிதழில் வெளியாகும் பட்டியலில் பார்த்துவிட்டு, கூடுதல் தேவையை அந்த எண்ணிக்கையை வைத்தே எழுதுங்கள். பெண் நோட்டரி ஒருவர்கூட இல்லாத தாலுகா என்றால் அதையும் குறிப்பிடுங்கள். நான் சொன்ன அந்த அம்மா, மகனை வெளியே அனுப்பிய பிறகும் என்னிடம் பேசத் தயங்கினார். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அந்தத் தயக்கம் பாதியாகியிருக்கும்.

மத்திய அரசு நியமனத்துக்கா, மாநில அரசு நியமனத்துக்கா என்று கேட்பீர்கள். பணியில் வேறுபாடு இல்லை. எந்த அரசு நியமித்தாலும் சான்றிதழில் குறிப்பிட்ட பகுதிக்குள்தான் பணியாற்ற முடியும். எங்கே விண்ணப்பம் கோரியிருக்கிறார்களோ அங்கே அனுப்புங்கள்.

நியமனம் வரும்வரை, நல்ல பதிவேடு வைத்திருக்கும் மூத்த நோட்டரி ஒருவரின் அலுவலகத்தில் சனிக்கிழமைகளில் போய் உட்காருங்கள். யாரை நாடுவது என்று தெரியாவிட்டால், போகும் இடத்தில் முதலில் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். காட்டத் தயங்குபவரிடம் கற்க வேண்டாம். நியமனம் வந்ததும் ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையைச் செய்யக் கொடுப்பதற்கு முன், கெட்டி அட்டை போட்ட பதிவேடு ஒன்றை வாங்கிப் பக்கங்களுக்கு எண்ணிட்டு, முதல் பக்கத்தில் மொத்த எண்ணிக்கையை எழுதிக் கையொப்பமிடுங்கள். கட்டண அட்டவணையை வருபவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். ஸ்டாம்ப் பேடை உங்கள் பக்கத்து இழுப்பறையிலேயே வையுங்கள், வருபவரின் கைக்கு எட்டும் இடத்தில் வேண்டாம்.